மரம் போட்ட கோடுகள்

எட்வர்ட் மூங்க் 1902-ல் அச்சடித்த 'முத்தம்' படத்தில் பாதிக்கு மேல் அவர் வரையவே இல்லை. நடுவில் ஓர் ஆணும் பெண்ணும் இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு உடம்பும் சேர்ந்து ஒரே கறுப்பு உருவம். இரண்டு முகமும் ஒன்றுக்குள் ஒன்று போய், கண் எது, மூக்கு எது என்று தெரியாத ஒரே வெளிறிய வடிவம். உடைக்கு நாலைந்து வெள்ளைக் கீறல்கள், விரல்களுக்கு இன்னும் சில. அவ்வளவுதான் அவர் உளி போட்டது. மிச்ச இடம் முழுக்க ஓடுகிற சாம்பல் நிறக் கோடுகள் அவருடையவை இல்லை, ஓர் ஊசியிலை மரத்துப் பலகையின் ரேகைகள். செதுக்காத பலகையில் அப்படியே மை தடவி அச்சடித்திருக்கிறார்.

மூங்க் என்றால் எல்லோருக்கும் 'அலறல்' ஞாபகம் வரும். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பாலத்தில் நிற்கும் அந்த உருவம் இன்று கைப்பேசிக்குள் ஒரு முகக்குறியாகவே ஆகிவிட்டது. அதன் கறுப்பு வெள்ளை வடிவத்தைப் பலர் மரச்செதுக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தடிமனான அலைக் கோடுகளைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் 1895-ல் வந்த அந்தப் படம் லித்தோகிராஃப், கல்லச்சு. மூங்க் மரத்தைத் தொட்டது அதற்கு அடுத்த வருடம். இந்தப் பதிவு 'அலறல்' பற்றியது இல்லை. அந்தப் புகழுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருக்கும் மரப்பலகைகளைப் பற்றியது. எனக்கு அவருடைய ஓவியங்களைவிட இந்த அச்சுகள்தான் பிடிக்கும். இதைச் சொன்னால் சண்டைக்கு வரும் நண்பர்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மரச்செதுக்கு அச்சு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பலகையில் படத்தை வரைந்து, வெள்ளையாக இருக்கவேண்டிய இடங்களையெல்லாம் உளியால் எடுத்துவிட வேண்டும். மேடாக நிற்கும் இடத்தில் ரோலரால் மை ஏற்றி, காகிதத்தை வைத்து, அழுத்துபொறியில் கொடுக்கலாம். பொறி இல்லையென்றால் கரண்டியின் முதுகால் தேய்த்தும் எடுக்கலாம். படம் இடவலம் மாறி விழும்.

இதில் மரத்தை எப்படி அறுத்தார்கள் என்பது முக்கியம். இங்கிலாந்தில் தாமஸ் பியூவிக் போன்றவர்கள் கையாண்ட முறையில், கடின மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் நுண்ணிய கருவிகளால் கீறுவார்கள். அங்கே ரேகை இடைஞ்சல் செய்யாது, மயிரிழைக் கோடுகூடப் போடலாம். 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைப் படங்களில் பெரும்பகுதி அப்படி வந்தவைதான். மூங்க் எடுத்தது நெடுக்காக அறுத்த சாதாரணப் பலகை. அதில் ரேகை ஓடும், கணு நிற்கும், உளி இழுத்த இடத்துக்குப் போகாது. தொழில் தெரிந்த செதுக்கர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அந்த ரேகை அச்சில் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்தால் வேலை சுத்தமில்லை என்று அர்த்தம். மூங்க் அதைத் தெரியவைத்தார்.

ஊசியிலை மரத்தில் ரேகை ஏன் அவ்வளவு துலக்கமாக இருக்கிறது? குளிர்நாட்டில் மரம் வருடம் முழுக்க ஒரே மாதிரி வளர்வதில்லை. பனி உருகியதும் வேகமாக வளரும். அப்போது உண்டாகும் பகுதி மென்மையானது, வெளிறியது. கோடை முடியும்போது வளர்ச்சி மந்தமாகும். அந்தப் பகுதி கெட்டியானது, கறுத்தது. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுவிடும். கெட்டியான பட்டை மையை நன்றாக வாங்கிக் காகிதத்துக்குக் கொடுக்கும், மென்மையான பட்டை பள்ளமாகிப் பின்வாங்கும். கம்பித் தூரிகையால் பலகையைத் தேய்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும், இன்றைய அச்சோவியர்கள் செய்வது அதைத்தான். ஆக, 'முத்தம்' படத்தில் அந்த இருவருக்குப் பின்னால் ஓடுகிற ஒவ்வொரு கோடும் ஒரு மரம் வாழ்ந்த ஒரு வருடம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தை வெறும் காதல் படமாக என்னால் பார்க்க முடியவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டு மரக்கடைக்குப் போனேன். நம் ஊர் மரக்கடையில் பைன் என்றால் பெரும்பாலும் பெட்டி பிரித்த பலகைதான். பக்கத்துப் பட்டறையில் இருந்த ஆசாரியிடம் கொடுத்தேன்.

"இழைச்சு வழவழன்னு பண்ணித் தரட்டுமா சார்?"

"வேணாம் ஆசாரி, ரேகை எழும்பி நிக்கணும்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"மை தடவிக் காகிதத்துல அச்சடிக்கப் போறேன்."

பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப கணு இருக்கற பக்கத்தை எடுத்துக்குங்க, அதுலதான் பாக்க ஏதாச்சும் இருக்கும்" என்றார். "ஓட்டத்துக்கு எதிர்ல உளி போடாதீங்க, சிராய் பேந்துரும்."

கலை வரலாற்றுப் புத்தகங்கள் பல பக்கம் எழுதும் விஷயத்தை அவர் ஒரு பீடி நேரத்தில் சொல்லிவிட்டார். கணுவைச் சுற்றி ரேகை வளைந்து போகும் இடம் அச்சில் சுழலும் நீர் மாதிரி விழுந்தது. நான் செதுக்கிய உருவத்தைப் பற்றிப் பேச எதுவும் இல்லை, விட்டுவிடுவோம்.

மூங்க் கதைக்கு வருகிறேன். பிறந்தது 1863, நார்வே. ஐந்து வயதில் அம்மா காசநோயில் போனார். 1877-ல் அக்கா சோஃபியும் அதே நோயில் போனார். அப்பா ராணுவ மருத்துவர், கடுமையான பக்திமான். இந்தத் துயரக் கதையை வைத்தே அவருடைய எல்லாப் படத்தையும் விளக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. துயரம் நிறையப் பேருக்கு இருந்தது, பலகையை இப்படிக் கையாண்டவர்கள் அதிகமில்லை.

1892-ல் பெர்லின் ஓவியர் சங்கம் அழைத்து அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. பெரும் கூச்சல் எழுந்து ஒரே வாரத்தில் கண்காட்சியை மூடிவிட்டார்கள். மூங்குக்கு அது நல்ல விளம்பரமாகப் போயிற்று. பெர்லினிலேயே தங்கி, 1894 வாக்கில் அச்சுக்கலையைத் தொடங்கினார். முதலில் உலோகத் தகடு, அப்புறம் கல். காரணத்தில் கொஞ்சம் வயிற்றுப்பாடும் உண்டு. தன் ஓவியங்களைப் பிரிய அவருக்கு மனம் வராது, விற்றதையே மறுபடி தீட்டி வைத்துக்கொள்ளும் ஆள். அச்சு என்றால் விற்கலாம், பலகையும் கையில் இருக்கும். 1896-ல் பாரிஸ் போனார். அங்கே பிரெஞ்சு ஓவியர் கோகென் தஹீத்தியிலிருந்து திரும்பி வந்து 1893-94-ல் 'நோவா நோவா' என்ற தன் புத்தகத்துக்காகச் செதுக்கிய பத்து முரட்டு மரச்செதுக்குகள் ஓவியர் வட்டத்தில் ஏற்கெனவே பேச்சாக இருந்தன. ஜப்பானிய மரச்செதுக்குகள் மேல் நகரத்துக்கே மோகம். மூங்க் உளியைக் கையில் எடுத்தது இந்தச் சூழலில்.

ஜப்பானிய முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிப் பலகை. வரைபவர், செதுக்குபவர், அச்சடிப்பவர் என்று ஆட்களும் தனித்தனி. ஒரு பலகையில் விழுந்த காகிதம் அடுத்த பலகையில் இம்மி பிசகாமல் உட்காரவேண்டும், அதற்கு வருடக் கணக்கில் பழகவேண்டும். மூங்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவர் என்ன செய்தார் என்றால், பலகையையே மெல்லிய ரம்பத்தால் உருவ வாரியாக அறுத்துவிட்டார். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக வேறு வேறு மை ஏற்றி, குழந்தைகள் அடுக்கும் படப்புதிர் போலத் திரும்பச் சேர்த்துவைத்து, ஒரே அழுத்தில் பல நிறத்தில் எடுத்துவிட்டார். குறுக்குவழிதான். ஆனால் அந்தக் குறுக்குவழி படங்களின் பொருளையே மாற்றிவிட்டது என்பது என் கட்சி.

அதற்குச் சாட்சி 1899-ல் அவர் செதுக்கிய 'இரண்டு மனிதர்கள்'. 'தனித்தவர்கள்' என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. கற்கள் கிடக்கும் கடற்கரை. ஒரு பெண், வெளிர் உடை, முதுகில் விரிந்த கூந்தல், கடலைப் பார்த்து நிற்கிறாள். கொஞ்சம் தள்ளி, கறுப்பு உடையில் ஓர் ஆண். அவனும் நமக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறான். இருவருக்கும் நடுவே நாலடி இருக்கலாம். அவன் அவளை நோக்கி நகரப் போகிறானா, அப்படியே நின்றுவிடப் போகிறானா என்று சொல்ல முடியாது. 1892-ல் இதை முதலில் ஓவியமாகத் தீட்டினார். அந்த ஓவியம் 1901-ல் ஒரு கப்பல் வெடிவிபத்தில் அழிந்துபோயிற்று. மிஞ்சிய பலகையிலிருந்து பல வருடம் அச்சு எடுத்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பலகையை மூங்க் மூன்றாக அறுத்தார். கடல் ஒரு துண்டு. பெண் ஒரு துண்டு. கரை ஒரு துண்டு, அதோடு ஆண் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

இந்த அறுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஆணை அவர் கரையிலிருந்து வெட்டி எடுக்கவில்லை. அவன் நிலத்தின் மிச்சமாக நிற்கிறான், அவன் கால் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று ரம்பம் சொல்லவில்லை. பெண்ணைச் சுற்றி மட்டும் ரம்பம் முழுதாக ஓடியிருக்கிறது. அவளை எடுத்துவிட்டால் பலகையில் அவள் வடிவத்தில் ஓர் ஓட்டை இருக்கும். ரம்பத்தின் பல் தின்ற இடம் அச்சில் வெள்ளைக் கோடாக அவளைச் சுற்றி விழுகிறது. தனிமையைக் காட்ட ஓவியர்கள் முகத்தைச் சோகமாக்குவார்கள், தலையைக் குனியவைப்பார்கள். இங்கே முகமே இல்லை. பெண்ணைச் சுற்றியிருக்கும் அந்த மெல்லிய வெள்ளை இடைவெளியில் மரம் இல்லை, நிஜமாகவே இல்லை.

ஒரே பலகை, ஆனால் அச்சுக்கு அச்சு வேறு படம். ஒன்றில் கடல் அடர்நீலம், இரவு மாதிரி. இன்னொன்றில் வெளிர்பச்சை, விடியப் போகிறது. ஒன்றில் பெண்ணின் கூந்தல் சிவந்து எரிகிறது, மற்றொன்றில் அடங்கிக் கிடக்கிறது. ஒன்றையும் இறுதி வடிவம் என்று அவர் அறிவிக்கவில்லை. ஒரே மாதிரி நூறு பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு எண் கொடுக்கிற இன்றைய வழக்கத்தோடு இதை வைத்துப் பாருங்கள். வானிலை மாறுகிற மாதிரி அவர் மை மாற்றிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

(ரம்பத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை. காதலி துல்லா லார்சனோடு 1902-ல் நடந்த சண்டையில் துப்பாக்கி வெடித்து மூங்கின் இடக்கை விரலில் காயம். பிறகு தானும் அவளும் சேர்ந்திருந்த ஓர் ஓவியத்தை இரண்டாக அறுத்துவிட்டார். 2019-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் அந்த இரண்டு பாதியையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தது. மனிதருக்கு ரம்பத்தோடு ஏதோ இருந்திருக்கிறது.)

மூங்கைக் குறியீட்டு ஓவியர் என்பார்கள். சரிதான். ஆனால் குறியீடு என்ற உடனே அகராதி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நிலா என்றால் காமம், கடற்கரை என்றால் வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவிலுள்ள எல்லை, கூந்தல் என்றால் பெண் வீசும் வலை, காடு என்றால் ஆழ்மனம். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டால் படத்தைப் பார்க்கவே வேண்டாம். அவர் படங்களில் இவையெல்லாம் திரும்பத் திரும்ப வருவது உண்மை. 1898-ல் ஓஸ்கோர்ட்ஸ்ட்ராண்ட் என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு சின்ன வீடு வாங்கினார். அந்தக் கரையின் வளைவு, தண்ணீரில் தூண் போல நீண்டு விழும் நிலாவொளி, கரையோர மரங்கள் எல்லாம் படத்துக்குப் படம் தலைகாட்டும். ஆனால் அவை முதலில் அந்த ஊரின் நிலாவும் அந்த ஊரின் கரையும். கோடையில் வெளிச்சம் முழுதாக அடங்காத வடக்கத்தி இரவில் அவர் கண்ணால் பார்த்தவை.

1896-ல் செய்த 'நிலவொளி' மரச்செதுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மரவீட்டுச் சுவர் ஓரம் ஒரு பெண்ணின் முகம் இருட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறது. அந்தச் சுவர் பலகையால் ஆனது. படமும் பலகையில் அச்சானது. சுவரின் மரத்தை உளியால் போலி செய்வதற்குப் பதில், அச்சுப் பலகையின் ரேகையை அந்த வேலைக்கு வைத்துவிட்டார். இங்கே எது குறியீடு, எது பொருள் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

'காட்டை நோக்கி' என்று இன்னொன்று. 1897-ல் ஒரு வடிவம், 1915-ல் மறுபடி. ஒரு ஜோடி ஒருவரையொருவர் அணைத்தபடி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. எதிரே சுவர் மாதிரி காடு. மூங்கிடம் முதுகுகள் நிறைய என்பதை இப்போது கவனித்திருப்பீர்கள். முகத்தைக் காட்டினால் நாம் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவோம். முதுகைக் காட்டினால் அவர்கள் பார்க்கிற பக்கம் நாமும் பார்க்கிறோம். இந்தக் காட்டிலும் ரேகை ஓடுகிறது. மரங்களைச் செதுக்க எடுத்த பொருளே ஒரு மரம் என்பதை மறக்க அவர் விடுவதில்லை. 2017-ல் ஆஸ்லோவின் மூங்க் அருங்காட்சியகம் எழுத்தாளர் கார்ல் ஊவெ க்னாஸ்கோர்டிடம் ஒரு கண்காட்சியை ஒப்படைத்தபோது, அவர் அதற்கு வைத்த தலைப்பு இந்தப் படத்தின் தலைப்புதான்.

இதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1905-ல் டிரெஸ்டனில் கிர்ஷ்னர், ஹெக்கல் முதலிய இளைஞர்கள் சேர்ந்து 'பாலம்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் என்று பேசப்படும் இயக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று அது. அவர்களுடைய கோணல்மாணலான மரச்செதுக்குகளுக்கு முன்னால் மூங்கின் பலகைகள் இருக்கின்றன. 1937-ல் நாஜிகள் 'சீர்கெட்ட கலை' என்று முத்திரை குத்தி ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அள்ளியதில் மூங்கின் 82 படைப்புகளும் போயின. 1940-ல் அவர்கள் நார்வேக்கே வந்துவிட்டார்கள். கிழவர் ஆஸ்லோவுக்கு வெளியே ஏக்கெலியில் இருந்த தன் வீட்டில் படங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். ஓவியங்களை வெயிலிலும் மழையிலும் பனியிலும் போட்டுவைக்கிற வழக்கம் அவருக்கு உண்டு. தாக்குப்பிடித்தால் நல்ல படம் என்பது அவருடைய கணக்கு. அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

அந்தக் காலத்தில்தான், 1943-ல், 'வயல்வெளியில் முத்தம்' என்ற மரச்செதுக்கைச் செய்தார். எண்பதைத் தொடும் வயது. ஒரே பலகை, செம்பழுப்பு மை. முதல் பார்வைக்கு வெறும் பலகையை அச்சடித்த மாதிரிதான் இருக்கும். ரேகை படம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அதுவே வயல், அதுவே வானம். கொஞ்ச நேரம் பார்த்தால் கட்டிக்கொண்டு நிற்கும் இருவர் மெல்லத் தெரிய வருகிறார்கள். மேலோட்டமான சில கீறல்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நாற்பது வருடத்துக்கு முந்தைய 'முத்தம்' படத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். 1892-ல் அது ஓவியமாக இருந்தபோது அறை இருந்தது, ஜன்னல் இருந்தது, வெளியே தெரு இருந்தது. 1895-ல் தகட்டில் வந்தபோதும் ஜன்னல் இருந்தது. மரத்துக்கு வந்த பிறகு அறை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, 1902-ல் ஜோடியும் பலகையும் மட்டும் மிஞ்சின. ஆனாலும் அப்போது அந்த ஜோடி தனிப் பலகையில் செதுக்கிய கறுப்பு உருவம். மரத்தின் மேல் நின்றார்கள், எல்லை தெளிவாக இருந்தது. 1943-ல் அந்த எல்லையையும் எடுத்துவிட்டார். தனிப் பலகை இல்லை, தனி மை இல்லை, ரம்பம் இல்லை. ரேகை அவர்கள் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. வாழ்நாள் முழுக்க மனிதர்களை இயற்கையிலிருந்து அறுத்தெடுத்துக்கொண்டிருந்தவர் கடைசியில் அறுக்காமல் விட்டுவிட்டார். இதைப் பெரிய சமாதானம் என்று சொல்லும் எழுத்துகளைப் படித்திருக்கிறேன். எனக்கு அது சமாதானமாகத் தெரியவில்லை. இன்னும் ஒரு கீறல் குறைந்திருந்தால் அந்த இருவரும் காணாமல் போயிருப்பார்கள் என்ற பதற்றம்தான் வருகிறது. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றினால் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.

1944 ஜனவரி 23-ல் மூங்க் காலமானார். தன்னிடம் இருந்த படைப்புகளையெல்லாம் ஆஸ்லோ நகரத்துக்கு எழுதிவைத்திருந்தார். ஆயிரத்துக்கும் அதிகமான ஓவியங்கள், ஆயிரக்கணக்கான அச்சுகள், அவற்றை எடுத்த பலகைகளும் கூட. 1963-ல் அதற்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தது, 2021-ல் அது துறைமுகத்தை ஒட்டிய பியோர்விக்காவில் புதுக் கட்டடத்துக்கு மாறியது.

ஆஸ்லோவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அங்கிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டடத்தில் எப்போதும் கூட்டம் நிற்கும் இடம் 'அலறல்' அறை. மூன்று வடிவங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறந்துவைப்பார்கள், வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக. பார்த்துவிட்டு வாருங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு திரும்பிவிடாமல், மரச்செதுக்குகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். நான் இவற்றைப் புத்தகத்திலும் திரையிலும்தான் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் ரேகை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது, 'இரண்டு மனிதர்கள்' படத்துப் பெண்ணைச் சுற்றிய அந்த வெள்ளைக் கோடு நேரில் எவ்வளவு அகலம் என்று யாராவது பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.